பிரஸ் மெஷின் பறித்த விரல்கள்

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் பர்மிங்காம் என்று ஒரு தொழில் நகரம் இருக்கிறது. நம் தாத்தா காலத்துக் குமாஸ்தாக்கள் மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதினார்களே, அந்த இரும்புப் பேனா முள் 19-ம் நூற்றாண்டில் பெரும்பாலும் இந்த ஊரிலிருந்துதான் உலகமெங்கும் போயிற்று. தகட்டைப் பிரஸ்சில் வைத்து வெட்டி, வளைத்து அந்த முள்ளைச் செய்தார்கள். பிறகு சைக்கிள், மோட்டார் கார், துப்பாக்கி, பூட்டு என்று இந்த ஊர் செய்யாத இரும்புச் சாமான் இல்லை.

அதே ஊரில், ஒரு பிரஸ் மெஷினில், 1965-ம் ஆண்டு 17 வயதுப் பையன் ஒருவனின் இரண்டு விரல் நுனிகள் போயின. பையன் கிட்டார் வாசிப்பவன். போனவை தந்தியை அழுத்தும் விரல்கள்.

இனி கிட்டாரை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

பையன் மறக்கவில்லை. ஐந்தே ஆண்டுகளில், காயம் பட்ட அந்தக் கையால் அவன் எழுப்பிய ஒலி மேல்நாட்டு ராக் இசையில் ஒரு புதிய பாதையைப் போட்டது. "ஹெவி மெட்டல்" என்று இன்று உலகம் அழைக்கும் இசைக்கு அடிக்கல் நாட்டியவர்களில் அவர் முதல் வரிசையில் வைக்கப்படுகிறார். அவர் பெயர் டோனி அயோமி. "பிளாக் சாபத்" என்ற குழுவின் கிட்டார் கலைஞர்.

அந்த இசையைக் கேட்டால் நம்மில் பலர் காதைப் பொத்திக்கொள்வோம். ரயில்வேயில் பேனா பிடிக்கும் எனக்கும் அது எளிதில் ஒட்டவில்லை. ஆனால் தாராவியிலும் அம்பர்நாத்திலும் பட்டறை வேலை பார்க்கும் நம்மவர்கள், கையை நம்பிப் பிழைப்பவர்கள், அந்தக் கையின் கதையை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிட்டாய்க் கடைப் பையன்

அயோமி 1948-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி பர்மிங்காமில் பிறந்தார். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய வம்சம். பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் வழியில் பிறந்த பிள்ளை என்று சொல்லலாம். பெற்றோருக்கு ஒரே மகன். ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியில் அவர்கள் மிட்டாய்க் கடை நடத்தினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிச் சிதைத்த நகரம் அது. பள்ளிக்கூடம் முடிந்தால் தொழிற்சாலை. அதுதான் அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எழுதிய விதி.

பையனுக்கு முதலில் டிரம் அடிக்கத்தான் ஆசை. வீட்டில் அந்தச் சத்தத்தை யார் தாங்குவது? அக்கார்டியன் என்ற துருத்திப் பெட்டியை வாங்கிக் கொடுத்தார்கள். அதிலிருந்து கிட்டாருக்கு வந்தார். "ஷேடோஸ்" என்ற குழுவும் அதன் கிட்டார் கலைஞர் ஹாங்க் மார்வினும் அப்போது இங்கிலாந்துப் பிள்ளைகளின் கனவு நாயகர்கள். அயோமிக்கும் அப்படியே.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அயோமி இடக்கைப் பழக்கம் உள்ளவர். வீணை வாசிப்பவர் வலக்கையால் மீட்டி, இடக்கை விரல்களால் மெட்டுகளின் மேல் தந்தியை அழுத்துகிறார் அல்லவா? கிட்டாரும் அப்படித்தான். இடக்கைக்காரருக்கு இது தலைகீழ். இடக்கையால் மீட்டி, வலக்கை விரல்களால் அழுத்த வேண்டும். எனவே அயோமிக்குச் சுரம் முழுவதும் வலக்கை விரல் நுனிகளில் இருந்தது.

வேலையின் கடைசி நாள்

தகடு வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வெல்டிங் வேலை. மாலை நேரங்களில் கிட்டார். நன்றாகவே வாசித்தார். ஒரு குழுவோடு ஜெர்மனிக்குப் போய் வாசிக்க வாய்ப்பும் வந்தது. வேலைக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்.

அன்று கடைசி நாள். மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்தவர், இனி போகப் போவதில்லை, அரை நாள்தானே என்று தாயாரிடம் சொன்னார். தாயார் ஒப்புக்கொள்ளவில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பி வைத்தார். எந்த வீட்டிலும் நல்ல தாய் சொல்லக்கூடிய சொல்தான் அது. மகனும் தட்டாமல் போனார்.

அவர் வெல்டிங் வைக்க வேண்டிய தகடுகளை முன்னதாகப் பிரஸ்சில் வளைத்துக் கொடுப்பவர் அன்று வேலைக்கு வரவில்லை. ஆள் இல்லையென்றால் என்ன செய்வார்கள்? பக்கத்தில் இருப்பவரை நிறுத்துவார்கள். அயோமியை அந்த மெஷினில் நிறுத்தினார்கள். அவருக்குப் பழக்கமில்லாத மெஷின்.

மதியத்துக்குப் பிறகு பிரஸ் அவர் வலக்கையின் மேல் இறங்கியது. வலியில் கையை இழுத்தார். நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் உள்ளேயே நின்றுவிட்டன.

ஜெர்மனிப் பயணம் போயிற்று. கிட்டாரும் போயிற்று என்றே எல்லோரும் நினைத்தார்கள். பையன் வீட்டில் சுருண்டு கிடந்தார்.

போர்மேன் கொண்டுவந்த ரிக்கார்டு

அப்போது தொழிற்சாலையின் போர்மேன் அவரைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கிராமபோன் ரிக்கார்டு. இதைப் போட்டுக் கேள் என்றார். பையனுக்கு எரிச்சல். விரல் போனவனிடம் வந்து கிட்டார் கேள் என்றால் கோபம் வராதா? வேண்டாம் என்று மறுத்தார். போர்மேன் விடவில்லை. கட்டாயப்படுத்திக் கேட்க வைத்தார்.

கேட்டு முடித்த பையன், வாசிப்பு பிரமாதம் என்று ஒப்புக்கொண்டார். அப்போதுதான் போர்மேன் விஷயத்தைச் சொன்னார். இதை வாசித்தவர் தந்தியை அழுத்தப் பயன்படுத்துவது இரண்டே விரல்களைத்தான்!

அந்தக் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910-ம் ஆண்டு பெல்ஜியத்தில், வண்டியையே வீடாகக் கொண்டு ஊர் ஊராகச் செல்லும் நாடோடி இனத்தில் பிறந்தவர். 1928-ம் ஆண்டு பாரிஸ் நகருக்கு அருகே அவருடைய வண்டியில் தீப்பிடித்தது. இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் வெந்து சுருங்கி, ஏறக்குறையப் பயனற்றுப் போயின. மீதி இரண்டு விரல்களால் கிட்டாரைப் புதிதாகப் பழகினார். 1934-ம் ஆண்டு வயலின் கலைஞர் ஸ்டெபான் கிராப்பெல்லியுடன் சேர்ந்து அவர் தொடங்கிய குழு ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றது. 1953-ம் ஆண்டு காலமான அவரைக் கிட்டார் பழகுகிறவர்கள் இன்றும் குருவாக நினைக்கிறார்கள்.

அவரால் முடிந்தது என்றால் நம்மால் ஏன் முடியாது என்ற எண்ணம் அயோமிக்கு வந்தது. ஆறுதல் சொல்லப் பலர் வந்திருப்பார்கள். போர்மேன் கொண்டுவந்ததோ அத்தாட்சி.

சோப்புப் பாட்டிலில் செய்த விரல்

எண்ணம் வந்தால் போதுமா? வெட்டுப்பட்ட விரலை வைத்துத் தந்தியை அழுத்தினால் உயிர் போகும் வலி.

வலக்கை போனால் போகிறது, இடக்கையால் அழுத்திப் பழகிக்கொள் என்று சிலர் யோசனை சொன்னார்கள். பல ஆண்டுகள் ஒரு கையில் பழகியதை இன்னொரு கைக்கு மாற்றப் பொறுமை வேண்டும். அயோமி மாற்றவில்லை. இருக்கிற கைக்கு விரல் செய்யத் தீர்மானித்தார்.

பாத்திரம் கழுவும் திரவ சோப்பு வரும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்தார். அதை உருக்கி உருண்டையாக்கினார். சூடான சால்டரிங் அயர்னால் அதில் துளை போட்டார். விரல் உள்ளே போகும் அளவு வந்ததும், உப்புக் காகிதத்தை வைத்து மணிக்கணக்கில் தேய்த்து விரல் நுனி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் போல அது அமைந்தது.

மாட்டி வாசித்தால் பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட் ஒன்றிலிருந்து சிறு துண்டு வெட்டி நுனியில் ஒட்டினார். தோல் தந்தியைப் பற்றிக்கொண்டது. தொழிற்சாலையில் கற்ற கைவேலை அத்தனையும் அங்கே உதவிற்று.

அடுத்த தொல்லை தந்தி. அன்று கடைகளில் விற்ற கிட்டார் தந்திகள் கனமானவை. அழுத்தப் பலம் வேண்டும். மெல்லிய தந்திகள் வேண்டும் என்று கம்பெனிகளைக் கேட்டார். அப்படி ஒன்றை யார் வாங்குவார்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். விட்டாரா? பாஞ்சோ என்ற வேறு வாத்தியத்தின் மெல்லிய தந்திகளை வாங்கிக் கிட்டாரில் கட்டினார். பின்னாளில் ஒரு தந்திக் கம்பெனி அவர் சொன்ன அளவில் செய்து கொடுக்க முன்வந்தது. இன்று மெல்லிய தந்தி செட்டுகள் எந்த இசைக் கடையிலும் தொங்குகின்றன.

ஆனால் ஒரு குறையை எந்தக் கைவேலையும் தீர்க்கவில்லை. உறை மாட்டிய விரலுக்குத் தந்தி தொட்டது தெரியாது. காதை வைத்துத்தான் விரல் சரியான இடத்தில் இருக்கிறதா என்று அறிய வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு டைப் அடிப்பது போன்ற வேலை அது. அதையும் பழகினார்.

சுருதி இறங்கியது

இனித்தான் முக்கியமான இடம். இந்தக் கஷ்டங்கள் எப்படி ஒரு புதிய இசையாக மாறின?

கிட்டாரில் பல தந்திகளை ஒரே நேரத்தில் வேறு வேறு இடங்களில் அழுத்திக் கூட்டு ஒலி எழுப்புவார்கள். அதற்கு எல்லா விரல்களும் வளைந்து கொடுக்க வேண்டும். அயோமிக்கு அது சிரமம். எனவே இரண்டு சுரங்களை மட்டும் சேர்த்து ஒலிக்கும் முறையை அவர் அதிகம் கையாண்டார். நம் முறையில் சொன்னால் ஷட்ஜமும் பஞ்சமமும். தம்பூராவில் நாம் கேட்கும் அதே ஜோடிதான். அதை மின்சாரக் கிட்டாரில் வாசித்து, ஒலி பெருக்கியை முழு வேகத்தில் முடுக்கிவிட்டால், சுவர் போலத் திண்ணென்று நிற்கும் ஓசை கிடைக்கும். இந்த முறையை அவருக்கு முன்பும் சிலர் வாசித்தார்கள். அதையே அஸ்திவாரமாக வைத்து இவர் கட்டடம் எழுப்பினார்.

இன்னொன்று சுருதி. தந்தியை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு இறுக்கம், அழுத்துவதும் கடினம். கொஞ்சம் தளர்த்தினால் விரலுக்குச் சுகம். ஆனால் சுருதி இறங்கும். கிட்டாரின் கீழ்த் தந்தி வழக்கமாக நம் கணக்கில் 3 கட்டை சுருதி. 1971-ம் ஆண்டு வெளிவந்த "மாஸ்டர் ஆப் ரியாலிட்டி" என்ற இசைத்தட்டில் பல பாடல்களுக்கு அயோமி அதை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிவிட்டார். குழுவில் பாஸ் கிட்டார் வாசித்தவரும் கூடவே இறக்கினார். விரல் வலிக்காக இறக்கிய சுருதி, கேட்டவர்கள் நெஞ்சில் இடி உருளுவது போல இறங்கியது.

இன்றைக்கு ஹெவி மெட்டல் வாசிக்கும் எத்தனையோ குழுக்கள் சுருதியை இறக்கித்தான் வாசிக்கின்றன. அவர்களில் பெரும்பாலோருக்கு விரல்கள் முழுசாகவே இருக்கின்றன!

சாத்தானின் சுரமா, கல்யாணியின் சுரமா?

"பிளாக் சாபத்" என்ற பெயரிலேயே ஒரு பாட்டு உண்டு. குழுவின் முதல் இசைத்தட்டில் முதல் பாட்டு. மழையும் கோவில் மணியும் கேட்கும். பிறகு கிட்டார் மூன்றே சுரங்களை மெதுவாக வாசிக்கும். கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அடுத்து நடுவே ஒரு சுரம். அந்த மூன்றாவது சுரம்தான் கேட்பவர் முதுகைச் சில்லிட வைத்தது.

அது எது தெரியுமா? நம் பிரதி மத்தியமம்!

ஷட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள அந்த இடைவெளிக்கு ஐரோப்பாவில் "இசைக்குள் சாத்தான்" என்றே ஒரு பெயர் உண்டு. பழைய தேவாலய இசையில் அதைக் கூடுமானவரை தவிர்த்தார்கள். நாமோ அதே சுரத்தைக் கல்யாணியில் வைத்து, கல்யாண வீட்டு நாதஸ்வரத்தில் மங்களமாகக் கேட்கிறோம். சுரத்தில் சாத்தானும் இல்லை, தெய்வமும் இல்லை. சுற்றி நிற்கும் சுரங்களும் பழகிய காதும்தான் அதற்கு முகம் கொடுக்கின்றன.

ஆனால் அன்றைய இங்கிலாந்தில் அந்த மூன்று சுரம் போதுமானதாக இருந்தது. பயந்தவர்களும் வந்தார்கள். பயப்பட விரும்பியவர்களும் வந்தார்கள்.

கணக்குப் பிள்ளையும் கசாப்புக் கூடத்து ஆளும்

குழுவில் இருந்த நால்வருமே ஆஸ்டன் பகுதித் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். பாஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லர், ஒரு ஆபீசில் கணக்கு வேலை பழகியவர். நம்மைப் போல லெட்ஜரோடு மல்லுக்கட்டியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவின் பெரும்பாலான பாடல்களை எழுதியவர் அவரே. பாடகர் ஆஸி ஆஸ்பர்ன், மாடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர். திருட்டுக்காகச் சில வாரம் சிறையிலும் இருந்தவர். அயோமி படித்த பள்ளிக்கூடத்திலேயே கீழ் வகுப்பில் படித்தவர். டிரம் அடித்தவர் பில் வார்ட்.

1968-ம் ஆண்டு இறுதியில் அயோமி சில நாட்கள் "ஜெத்ரோ டல்" என்ற பெயர் பெற்ற குழுவில் சேர்ந்தார். அங்கே அவர் கண்டது வேறு உலகம். காலையிலேயே குறித்த நேரத்துக்கு வந்து, ஆபீஸ் வேலை போல ஒழுங்காகப் பயிற்சி செய்தார்கள். பெரிய இடம், வசதியான இடம். ஆனாலும் அயோமி அங்கே தங்கவில்லை. அந்த ஒழுங்கை மட்டும் கற்றுக்கொண்டு பர்மிங்காமுக்குத் திரும்பினார். இனி நாமும் காலையில் வேலைக்குப் போவது போலப் பயிற்சிக்கு வர வேண்டும் என்று தன் கூட்டாளிகளை விரட்டினார். தூங்கிக் கிடந்தவர்களைத் தானே போய் எழுப்பி, வண்டியில் ஏற்றி வந்தார்.

பயிற்சி செய்த இடத்துக்கு எதிரே ஒரு சினிமாக் கொட்டகை. "பிளாக் சாபத்" என்ற பேய்ப் படம் ஓடியது. பயப்படுவதற்குக் காசு கொடுத்து மக்கள் வரிசையில் நிற்கிறார்களே என்ற பேச்சு எழுந்தது. குழுவுக்கு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாளில் ஒரு இசைத்தட்டு

1969-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி லண்டனில் ஒலிப்பதிவு. ஒரே நாளில் முதல் இசைத்தட்டு முழுவதையும் வாசித்து முடித்துவிட்டார்கள். முதல் பாட்டு முடிந்ததும் அயோமியின் கிட்டார் பழுதாகிவிட்டது. மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்.ஜி. என்ற கிட்டாரை எடுத்து மீதியை வாசித்தார். அவசரத்துக்கு எடுத்த அந்த ரகமே பிறகு அவருக்கு அடையாளமாகிப் போயிற்று.

இசைத்தட்டு 1970-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி வெளிவந்தது. வெள்ளிக்கிழமை, 13-ந் தேதி. மேல்நாட்டாருக்கு அபசகுன நாள்! விமர்சகர்கள் கிழித்தார்கள். ஜனங்கள் வாங்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் "பாரனாய்ட்" என்ற இரண்டாவது இசைத்தட்டு வந்து இங்கிலாந்தில் முதல் இடத்தைப் பிடித்தது. பெயர் தந்த பாட்டு, தட்டில் கொஞ்சம் இடம் மீதி இருந்ததால் அவசரமாக இட்டு நிரப்பியது. அதுவே பெரிய வெற்றி பெற்றது.

அந்தத் தட்டின் முதல் பாட்டு, போரை ஏவிவிட்டு ஏழைப் பிள்ளைகளைச் சாக அனுப்பும் பெரிய மனிதர்களைச் சாடுகிறது. வியட்நாம் போர் நடந்த காலம் அது. சாத்தான் பாட்டு என்று பழிக்கப்பட்ட குழு, அரசியல்வாதிகள் சொல்லத் தயங்கியதைச் சொல்லிற்று.

அயோமி ஒரே சத்தத்தில் நின்றுவிடவில்லை. இடி போன்ற பாடல்களுக்கு நடுவே மெல்லிய கிட்டார் துணுக்குகளை வைத்தார். 1972-ம் ஆண்டு இசைத்தட்டில் பியானோ வாசித்தார். அதே தட்டில் ஒரு விசித்திரமான துணுக்கு உண்டு. கழுத்தில் தொங்கிய சிலுவை தற்செயலாகத் தந்தியில் பட்டு எழுந்த ஓசை பிடித்துப்போக, எதிரொலிக் கருவியைப் போட்டு, கையில் கிடைத்த பொருள்களால் கிட்டாரைத் தட்டி அதை உண்டாக்கினார்கள். பரிசோதனை என்றால் அவருக்கு அப்படி ஒரு ருசி.

பணம் வந்தது, கூடவே வந்தவை

பணம் வந்ததும் மற்றவையும் வந்தன. 1970-களில் அமெரிக்காவில் குழுவினர் போதைப் பொருளில் மூழ்கினார்கள். அயோமியும் விதிவிலக்கல்ல. அதைப் பின்னாளில் அவர் மறைக்கவும் இல்லை. பழைய மானேஜரோடு வழக்கு வேறு. 1975-ம் ஆண்டு ஒலிப்பதிவு நடக்கும்போதே கோர்ட்டுக் காகிதங்கள் வந்துகொண்டிருந்தன. அந்த எரிச்சலையே ஒரு பாட்டாக்கினார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் காகிதத்தைப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

1979-ம் ஆண்டு ஆஸி ஆஸ்பர்ன் வெளியேற்றப்பட்டார். 1980-ம் ஆண்டு ரானி ஜேம்ஸ் டியோ என்ற புதிய பாடகரோடு வந்த இசைத்தட்டு குழுவுக்கு மறுவாழ்வு கொடுத்தது. பிறகு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். எத்தனையோ பாடகர்கள், எத்தனையோ டிரம் கலைஞர்கள். தொடக்கம் முதல் இறுதி வரை மாறாமல் நின்றவர் ஒருவரே. அவர் அயோமி.

ஆபீஸ் நண்பர்களுக்காக ஒரு சம்பவம். 1983-ம் ஆண்டு மேடைக்கு ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கற்தூண்களைப் போல செட் போடச் சொன்னார்கள். 15 அடி என்று எழுத வேண்டிய இடத்தில் 15 மீட்டர் என்று எழுதப்பட்டுவிட்டது. வந்து இறங்கிய தூண்கள் மேடைக்கு மேலே போயின! அளவு குறிக்கும் ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் என்று இண்டெண்ட் எழுதும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நோயும் திரும்பிய புகழும்

பழைய நால்வர் 1997-ம் ஆண்டு மீண்டும் கூடினார்கள். 2006-ம் ஆண்டு அமெரிக்காவின் ராக் இசைப் புகழ் மண்டபத்தில் குழுவின் பெயர் சேர்க்கப்பட்டது. மேடையில் அவர்களை வரவேற்றவர்கள் "மெட்டாலிக்கா" குழுவினர். அதே மெட்டாலிக்கா 2011-ம் ஆண்டு பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது நம் நாட்டு இளைஞர்கள் திரண்டார்கள். பர்மிங்காம் பட்டறையில் கிளம்பிய ஓசை பெங்களூர் வரை வந்த வழி அது.

2012-ம் ஆண்டு தொடக்கத்தில் அயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று அறிவிக்கப்பட்டது. அப்போது புதிய இசைத்தட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. சிகிச்சைக்கு நடுவே வந்து வந்து வாசித்தார். 2013-ம் ஆண்டு ஜூனில் வெளிவந்த அந்தத் தட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதல் இடத்துக்குப் போயிற்று. இங்கிலாந்தில் அவர்கள் முதல் இடத்தைப் பிடித்து அப்போது ஏறக்குறைய 43 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஊரும் பிள்ளையை மறக்கவில்லை. 2019-ம் ஆண்டு பர்மிங்காமின் முக்கிய வீதியில் உள்ள ஒரு பாலத்துக்கு "பிளாக் சாபத் பாலம்" என்று பெயர் வைத்தார்கள். 2022-ம் ஆண்டு அங்கே காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. நம் இந்தியா 61 பதக்கம் வென்ற போட்டி. அதன் நிறைவு விழாவில் முன்னறிவிப்பு இல்லாமல் அயோமியும் ஆஸியும் மேடையில் தோன்றினார்கள். டெலிவிஷனில் பார்த்த நம்மில் பலர், யார் இந்தக் கறுப்பு உடைக் கிழவர்கள் என்று கேட்டிருக்கலாம்.

2025-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி, அவர்கள் வளர்ந்த ஆஸ்டனிலேயே உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் நால்வரும் கடைசியாகக் கூடி வாசித்தார்கள். ஆஸியால் நிற்க முடியவில்லை. நாற்காலியில் அமர்ந்து பாடினார். 17 நாள் கழித்து, ஜூலை 22-ந் தேதி அவர் காலமானார்.

விபத்துக்கு நன்றி சொல்லலாமா?

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கடைசியில் ஒரு வார்த்தை சேர்ப்பது வழக்கம். விரல் போனதும் நல்லதற்குத்தான். போகாவிட்டால் இந்த இசை பிறந்திருக்குமா என்பார்கள்.

நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

பிரஸ் மெஷின் யாருக்கும் இசை கற்றுக் கொடுப்பதில்லை. வழக்கமான ஆள் வரவில்லை என்பதற்காகப் பழகாத பையனை அதன் முன்னால் நிறுத்தினார்கள். இரண்டு கையும் இரண்டு பொத்தானில் இருந்தால் மட்டுமே இறங்கும்படி பிரஸ்சை அமைக்கலாம். கை உள்ளே போக முடியாதபடி முன்னால் தடுப்புப் போடலாம். இதெல்லாம் பெரிய விஞ்ஞானம் இல்லை. அபாயமான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று நம் நாட்டிலும் 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அயோமி பிறந்த அதே ஆண்டு. ஆனால் தடுப்பு இருந்தால் உற்பத்தி குறைகிறது என்று கழற்றி வைக்கும் பட்டறைகளை நம்மவர்கள் அறிவார்கள்.

இரண்டு விரல் போனவர்கள் அநேகம் பேர். அவர்கள் எல்லோரும் மேடை ஏறவில்லை. பலர் வாட்ச்மேன் ஆனார்கள். பலர் ஊருக்கே திரும்பினார்கள். அயோமி தப்பியது விபத்தின் கருணையால் அல்ல. இருக்கிற கைக்கு ஏற்றபடி வாத்தியத்தை மாற்றலாம் என்று அவர் கண்டுகொண்டதால். தந்தி கனமா, மெல்லிய தந்தி கட்டு. இறுக்கமா, சுருதியை இறக்கு. நுனி இல்லையா, செய்து மாட்டு. பல்லாண்டு கழித்தும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் அவர் அந்த உறைகளைச் சரிபார்த்து மாட்டித்தான் மேடைக்குப் போனார்.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் சுருண்டு கிடந்த பையனைத் தேடி ஒருவர் வந்தார். போனதைப் பற்றிப் பேசாமல், மீதி இருப்பதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று காட்டினார்.

நம் பட்டறைகளிலும் யாருக்காவது கையில் அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போகிறோம். நல்லதுதான். அதோடு, அதே போல அடிபட்டு வேறு வேலை பழகிப் பிழைக்கும் ஒருவரைக் கையோடு அழைத்துப் போனால் இன்னும் நல்லது. நஷ்டஈட்டு மனு எழுதத் தெரிந்த ஒரு குமாஸ்தாவும் கூடப் போனால் மிக நல்லது.

பர்மிங்காமில் பிளாக் சாபத் பெயரில் பாலம் இருக்கிறது. ரிக்கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு போன போர்மேன் பெயரில் பாலம் எதுவும் இல்லை.